எலும்பில் சுரண்டிய சூரை: 2012 சால்மோனெல்லா பரவல், ஒரு நிகழ்வு ஆய்வு

பெரிய சூரை மீனை அறுத்துச் சதைத் துண்டங்களை எடுத்த பிறகும் நடுமுள்ளோடு கொஞ்சம் சதை ஒட்டிக்கொண்டிருக்கும். நம் வீடுகளில் அந்த முள் அப்படியே குழம்புக்குப் போய்விடும். ஜப்பானியச் சமையலில் அந்தச் சதையைக் கரண்டியால் சுரண்டி எடுக்கிறார்கள். அதற்கு நகாஓச்சி என்று பெயர். பார்த்தால் கொத்துக்கறி மாதிரி இருக்கும். சமைக்காமல், பச்சையாகவே சாப்பிடுவார்கள்.

2012-இல் அமெரிக்காவில் 425 பேரை நோயில் தள்ளியது இந்தச் சுரண்டிய சதைதான். அது தயாரான இடம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. கொச்சிக்குத் தெற்கே, ஆலப்புழை மாவட்டத்து அரூர். கடல் உணவு ஏற்றுமதித் தொழிற்சாலைகள் நெருக்கமாக இருக்கும் ஊர் அது. மீன் வழியாக சால்மோனெல்லா எப்படி மனிதரிடம் வருகிறது என்பதை இந்த அளவுக்குத் தெளிவாகக் காட்டும் நிகழ்வுகள் குறைவு. அதனால்தான் பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகும் இதை விரிவாக எழுதுகிறேன்.

நோய் எப்படித் தெரிய வந்தது

அந்த வருடத் தொடக்கத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஒரே வகை சால்மோனெல்லா நோயாளிகளின் மலத்தில் தென்படத் தொடங்கியது. வகையின் பெயர் பரெய்லி. உத்தரப் பிரதேசத்தின் பரெய்லி நகரப் பெயர்தான். சால்மோனெல்லாவில் 2,500-க்கும் மேற்பட்ட உள்வகைகள் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு முதலில் பிரித்தெடுத்த ஊரின் பெயரையே வைத்துவிடுவார்கள்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். சால்மோனெல்லா என்றதும் சால்மன் மீனிலிருந்து வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். மீனுக்கும் அந்தப் பெயருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. டேனியல் எல்மர் சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவ அறிஞரின் பெயர் அது.

நோயாளிகளிடம் அதிகாரிகள் கேட்ட கேள்வி எளிமையானது: நோய் வருவதற்கு முந்தைய ஒரு வாரம் என்னென்ன சாப்பிட்டீர்கள்? பதில் சொல்வது அவ்வளவு எளிதில்லை. போன வாரம் செவ்வாய்க்கிழமை மதியம் நாம் என்ன சாப்பிட்டோம் என்று யோசித்துப் பார்த்தாலே புரியும். ஆனால் பதில்களில் ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது: சுஷி என்ற ஜப்பானியச் சோற்று உணவு. இன்னும் துருவிக் கேட்டபோது ஸ்பைசி டூனா ரோல் என்று வந்தது. பச்சைச் சூரையைக் காரச் சாஸோடும் மயோனைஸோடும் பிசைந்து, சோற்றோடு சேர்த்துக் கடற்பாசித் தாளில் சுருட்டித் தருவது அது.

ஸ்பைசி டூனா ரோல் என்று தெரிந்தால் மட்டும் வழக்கு முடிந்துவிடாது. அதில் சோறு இருக்கிறது, வெள்ளரிக்காய் இருக்கிறது, எள் இருக்கிறது, மயோனைஸ் இருக்கிறது. குற்றவாளி இவற்றில் யாராகவும் இருக்கலாம். அதனால் ஒரே உணவகத்தில் சாப்பிட்டுப் பலர் படுத்த இடங்களாகத் தேடினார்கள். கனெக்டிகட், ரோட் ஐலண்ட், டெக்சஸ், விஸ்கான்சின் ஆகிய 4 மாநிலங்களில் அப்படிப்பட்ட நோயாளிக் கூட்டங்கள் கிடைத்தன. அந்த உணவகங்களின் கொள்முதல் பில்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனார்கள். விநியோகஸ்தர்கள் வேறு வேறு, ஊர்கள் வேறு வேறு. ஆனால் எல்லாப் பாதைகளும் ஒரே சரக்கில் போய்ச் சேர்ந்தன. கலிஃபோர்னியாவின் மூன் மரைன் யு.எஸ்.ஏ கார்ப்பரேஷன் இறக்குமதி செய்த, உறைய வைத்த மஞ்சள் துடுப்புச் சூரையின் சுரண்டிய சதை. தயாரித்தது அரூரில் இருந்த மூன் ஃபிஷரி இந்தியா நிறுவனம்.

2012 ஏப்ரல் 13-ஆம் தேதி அந்த இறக்குமதி நிறுவனம் 58,828 பவுண்டு சரக்கைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. கிட்டத்தட்ட 26.7 டன். அன்றைய கணக்கில் நோயாளிகள் 116 பேர்.

அதற்கு அப்புறம்தான் எண்ணிக்கை ஏறியது. ஜூலை 26-இல் விசாரணையை முடித்தபோது 28 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் சேர்த்து 425 பேர். அவர்களில் 410 பேருக்குப் பரெய்லி வகை. 15 பேருக்கு இஞ்சாங்கா என்ற இன்னொரு வகை. அதே மீன் சரக்கில் இரண்டு வகைகளும் இருந்தன. திறக்காத பொட்டலங்களிலிருந்தே ஆய்வகங்கள் கிருமியைப் பிரித்தெடுத்தன. உணவக அடுக்களையில் யாரோ கை கழுவாததால் வந்தது என்று சொல்ல அதோடு இடமில்லாமல் போனது. 55 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உயிரிழப்பு இல்லை.

இந்த 425 என்பது ஆய்வகத்தில் உறுதியானவர்கள் மட்டும். வயிற்றுப்போக்கு வந்தவர்கள் எல்லாரும் மருத்துவரிடம் போவதில்லை, போனவர்கள் எல்லாருக்கும் மலப் பரிசோதனை நடப்பதில்லை. கணக்கில் வரும் ஒரு சால்மோனெல்லா நோயாளிக்குக் கணக்கில் வராதவர்கள் சுமார் 29 பேர் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீடு. அந்த விகிதத்தில் பெருக்கினால் 12,000-ஐத் தாண்டுகிறது.

திரும்பப் பெற்ற பிறகும் ஏன் பரவியது

இந்தச் சதை கடையில் நேரடியாக விற்கும் பொருள் கிடையாது. உணவகங்களுக்கும் பெரிய மளிகைக் கடைகளின் சுஷிப் பிரிவுகளுக்கும் போகும் மொத்தச் சரக்கு. பெரிய அட்டைப்பெட்டியில் வரும். வாங்குகிற விநியோகஸ்தர் அதைப் பிரித்து வேறு பெட்டியில் போட்டு அடுத்தவருக்கு விற்பார். இரண்டு மூன்று கை மாறியதும் பெட்டி மேல் இருந்த பெயரும் எண்ணும் காணாமல் போய்விடும். கடைசியில் சுஷி சுருட்டுகிறவரின் உறைபெட்டியில் இருப்பது பெயரில்லாத சிவப்புச் சதைப் பொட்டலம். திரும்பப் பெறும் அறிவிப்பைச் செய்தியில் பார்த்தாலும், அது தன்னிடம் இருக்கும் சரக்கைப் பற்றியதுதான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மீன் வியாபாரத்தில் இருப்பவர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். சரக்கைப் பிரித்துக் கட்டும்போது பழைய லேபிளையும் சேர்த்துக் கட்டுவது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடம் இல்லாததால் ஏப்ரலில் நின்றிருக்க வேண்டிய நோய் ஜூலை வரைக்கும் இழுத்தது.

உறையவைத்த பொருள் என்பதும் ஒரு காரணம். உறைகுளிரில் சால்மோனெல்லா பெருகாது, ஆனால் முழுதாகச் சாகவும் செய்யாது. ஒரு பகுதி மடியும், மிச்சம் மாதக்கணக்கில் காத்திருக்கும். சுஷிக்கு வாங்கும் மீனை முன்னதாக உறைய வைப்பார்கள், அதனால் பச்சையாகச் சாப்பிடலாம் என்று சொல்வது உண்டு. மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் வைப்பது ஒட்டுண்ணிப் புழுக்களைக் கொல்வதற்கான விதி. பாக்டீரியாவுக்கு அந்த விதி பொருந்தாது. இந்த இரண்டையும் படித்தவர்களே குழப்பிக்கொள்கிறார்கள்.

அரூரில் என்ன பார்த்தார்கள்

ஏப்ரல் பிற்பகுதியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் அரூர் தொழிற்சாலைக்கு நேரில் வந்தார்கள். அவர்கள் எழுதிய குறிப்புகளில் மீனைவிட அதிகமாக என் கண்ணில் பட்டது ஐஸ்தான். ஐஸ் தயாரிக்கும் இயந்திரத்தின் மேல் பறவை எச்சம் போன்றது இருந்தது. இயந்திரத்துக்குள்ளும் அதற்கு மேலேயும் பூச்சிகளும் அழுக்கும் இருந்தன. ஐஸுக்குத் தண்ணீர் எடுக்கும் தொட்டியில் கண்ணுக்குத் தெரியும் அளவு கசடு மிதந்தது.

எந்த ஓட்டை வழியாகக் கிருமி நுழைந்தது என்று கையைப் பிடித்துக் காட்டும் ஆதாரம் அல்ல இது. ஆனால் சால்மோனெல்லா எங்கே வாழும் கிருமி என்று தெரிந்தவருக்கு இந்தக் குறிப்புகளே நிறையச் சொல்லிவிடும். அது வாழ்வது வெதுவெதுப்பான குடலில். கோழி, மாடு, பன்றி, பறவைகள், மனிதர்கள். பல்லி, ஆமை போன்றவையும் தூக்கிக்கொண்டு திரியும். ஆழ்கடலில் நீந்தும் சூரைக்கு இது இயல்பான கிருமி கிடையாது. கரையிலிருந்து வெகு தூரத்தில் பிடிபட்ட சூரையின் உடலில் சால்மோனெல்லா இருந்தால், அது பெரும்பாலும் படகு தளத்திலோ, துறைமுகத் தண்ணீரிலோ, கூடையிலோ, ஐஸிலோ, வெட்டும் மேசையிலோ, வெட்டியவர் கையிலோ ஏறியிருக்கும். கழிவுநீர் கலக்கும் காயலிலும் முகத்துவாரத்திலும் குளத்திலும் வளரும் மீன், இறால், மட்டிக்கு மட்டும் கதை வேறு. அவை உயிரோடு இருக்கும்போதே கிருமியை வாங்கிக்கொள்ளும்.

சூரையைக் கையாளும் தொழிற்சாலைகளில் ஆபத்து என்றாலே முதலில் நினைவுக்கு வருவது ஹிஸ்டமின். சூரை சூடேறினால் சதையில் ஹிஸ்டமின் உருவாகும், சாப்பிட்டவர் முகம் சிவந்து, தடித்து, தலைவலியில் தவிப்பார். அதைத் தடுக்க ஒரே வழி குளிர்ச்சி. எனவே ஐஸை அள்ளிப் போடு, இன்னும் போடு என்பதே தொழிலின் மந்திரம். சரிதான். ஆனால் அந்த ஐஸே அழுக்குத் தண்ணீரில் செய்ததாக இருந்தால், ஒரு ஆபத்தைத் தடுக்கப் போட்டதே இன்னொன்றை மீன் முழுக்கப் பூசிவிடும். ஐஸ் உருகும்போது அந்தத் தண்ணீர் மேல் மீனிலிருந்து அடி மீன் வரை வழிந்து போகிறது. ஒரு பெட்டியில் ஓர் இடத்தில் இருந்த கிருமி எல்லா மீனையும் தொட்டுவிடும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மீன் இறங்குதளத்தில் விடியற்காலை நின்றிருந்தேன். பார் ஐஸ் ஏற்றிய வண்டி வந்தது. கட்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஈரச் சிமென்ட் தரையில் சறுக்கி விட்டார்கள். அதே தரையில்தான் செருப்புக் கால்கள் போய் வந்துகொண்டிருந்தன, ஒரு நாய் படுத்து எழுந்து போயிருந்தது, காகங்கள் குடல் பொறுக்கிக்கொண்டிருந்தன. ஒருவர் சாக்கைப் போர்த்தி மரச் சுத்தியால் கட்டியை உடைத்தார். மண்வெட்டியால் அள்ளிக் கூடையில் கொட்டினார். மீன் என்னவோ கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இருந்தது. வாங்க வந்தவர் செவுளைத் தூக்கிப் பார்த்தார், சதையை விரலால் அழுத்திப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார். ஐஸை அவர் பார்க்கவே இல்லை.

செவுள் சிவப்பும் சதையின் இறுக்கமும் மீன் கெட்டுப்போயிருக்கிறதா என்று சொல்லும். அதற்கு அது நல்ல பரிசோதனை, தலைமுறை தலைமுறையாகக் கைகொடுத்த பரிசோதனை. சால்மோனெல்லா இருக்கிறதா என்று அது சொல்லாது. இந்தக் கிருமி மீனைக் கெடுக்காது, நிறத்தை மாற்றாது, நாற்றம் தராது. அமெரிக்க உணவகங்களில் பரிமாறிய சூரையில் ஒரு குறையையும் கண்ணால் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஏன் சுரண்டிய சதை

அதே மீனின் முழுத் துண்டத்தை விட்டுவிட்டுச் சுரண்டிய சதை ஏன் இவ்வளவு பேரைப் பாதித்தது என்ற கேள்விக்கு எளிய பதில் உண்டு. நலமான மீனின் சதைக்குள் கிருமி கிட்டத்தட்ட இருக்காது. வெளித்தோல், செவுள், குடல் ஆகிய இடங்களில்தான் இருக்கும். முழுத் துண்டமாக அறுத்தால் அழுக்கு மேற்பரப்பில் மட்டும் ஒட்டும். சுரண்டும்போது உள், வெளி என்ற பேதமே போய்விடுகிறது. சதை முழுக்கவே மேற்பரப்பாகிவிடுகிறது. போதாததற்கு, ஒரு பொட்டலத்தில் ஒரு மீனின் சதை மட்டும் இருக்காது. பல மீன்களின் சதை சேர்ந்து பிசைந்து கிடக்கும். ஒரு மீனில் இருந்தது எல்லாப் பங்கிலும் கலந்துவிடும். கை படுவதும் அதிகம், நேரமும் அதிகம்.

அப்புறம் அது சட்டிக்குப் போகாமல் நேராகத் தட்டுக்குப் போகிறது. சால்மோனெல்லா ஏறத்தாழ 5 டிகிரிக்கும் 46 டிகிரிக்கும் இடையில் பெருகும், 35 முதல் 37 வரை அதற்குச் சொர்க்கம். உருக வைத்த சதை சமையலறை மேசையில் சில மணி நேரம் இருந்தால் போதும். மிளகாய்ச் சாஸ், வசாபி என்ற ஜப்பானியக் காரப் பசை, எலுமிச்சை எதுவும் அதைக் கொன்றுவிடாது. காரம் கிருமியைக் கொல்லும் என்பது நம் ஊரிலும் உள்ள நம்பிக்கை. நாக்குக்கு எரிவது கிருமிக்கு எரியாது.

மரபணு சொன்ன சாட்சி

அன்று நோயாளியின் கிருமியும் மீனின் கிருமியும் ஒன்றுதானா என்று பார்க்கப் பயன்பட்டது பட்டை முறை. கிருமியின் டி.என்.ஏ.-வை நறுக்கி ஜெல்லில் ஓடவிட்டால், கடைப்பொருள் மேல் இருக்கும் பார்கோடு மாதிரிக் கோடுகள் தெரியும். ஒரே மாதிரிக் கோடு என்றால் ஒரே கிருமி என்று கொள்வார்கள். பரெய்லி வகையில் சிக்கல் என்னவென்றால், இந்தப் பரவலுக்குத் தொடர்பே இல்லாத கிருமிகளும் அதே கோட்டைக் காட்டின.

அதனால் கிருமியின் முழு மரபணுத் தொகையையும் எழுத்தெழுத்தாக வாசித்தார்கள். நோயாளிகளின் கிருமியும் சூரையின் கிருமியும் ஒரே குடும்பமாக ஒட்டி நின்றன. சேமிப்பில் வைத்திருந்த பழைய பரெய்லி மாதிரிகளோடு ஒப்பிட்டபோது அவற்றில் மிக நெருங்கிய உறவு எங்கே கிடைத்தது தெரியுமா? சில வருடங்களுக்கு முன் இந்தியாவிலிருந்து வந்த இறாலில். அந்த இறால் பதப்படுத்தப்பட்ட இடம், அரூர் தொழிற்சாலையிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தூரம்.

இந்த விவரத்தை முதலில் படித்தபோது சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வேறு வருடம், வேறு உயிரினம், வேறு தொழிற்சாலை. ஆனால் அதே வட்டாரம், அதே கிருமிக் குடும்பம். ஆக, கிருமி அந்த வட்டாரத்துச் சூழலில் நிலையாகக் குடியிருந்திருக்கிறது என்று எண்ணுவதே பொருத்தம். ஒரு தொழிற்சாலையின் ஒரு நாள் கவனக்குறைவு என்று மட்டும் இதைச் சுருக்கினால் விஷயத்தைத் தவறவிடுகிறோம். ஒரு வட்டாரத்தின் தண்ணீரும் கழிவும் எப்படி இருக்கிறதோ, அப்படித்தான் அங்கே பதப்படும் மீனும் இருக்கும். முழு மரபணு வாசிப்பு உணவு வழி நோய் விசாரணைகளில் வழக்கமான கருவியாக மாறியதற்கு இந்த வெற்றியும் ஒரு காரணம்.

இன்னொரு வலியும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர்ப் பகுதியின் ஆழ்கடல் படகுகள் பலவும் சூரையையும் சுறாவையும் பிடித்து இறக்குவது கொச்சியில்தான். வாரக்கணக்கில் நடுக்கடலில் கிடந்து பிடித்து வரும் மீன், கரையில் கெட்ட ஐஸால் பெயர் கெட்டால், விலை விழுந்து அடி வாங்குவது பிடித்தவரும்தான்.

மற்ற நாடுகளில்

அதே 2012-இல் நெதர்லாந்தில் புகையூட்டிய சால்மன் மீன் வழியாகத் தாம்ப்சன் என்ற சால்மோனெல்லா வகை 1,100-க்கும் மேற்பட்டவர்களிடம் உறுதியானது. அங்கே காரணம், பதப்படுத்தும்போது மீனை வைத்த தட்டுகள். நுண்துளை உள்ள பொருளில் செய்த தட்டுகள் அவை. கழுவினாலும் துளைக்குள் கிருமி தங்கிவிட்டது. தட்டானால் என்ன, ஐஸானால் என்ன, கதை ஒரே கதைதான். மீன் தானாகக் கொண்டு வரவில்லை, மீனைத் தொட்ட பொருள் கொடுத்தது. 2015-இல் இந்தோனேசியாவிலிருந்து போன உறைந்த பச்சைச் சூரையால் அமெரிக்காவின் 11 மாநிலங்களில் 65 பேர் நோயுற்றார்கள். சுஷிதான் மறுபடியும்.

நோய் வந்தால்

சாப்பிட்ட 6 மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் காய்ச்சல், வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு தொடங்கும். பெரும்பாலோருக்கு 4 முதல் 7 நாளில் தானாகச் சரியாகிவிடும். டைஃபாய்டும் ஒரு சால்மோனெல்லாவால் வருவதுதான், ஆனால் அது மனிதரிடம் மட்டும் வாழும் தனி வகை. பரெய்லி போன்றவை தருவது குடல் அழற்சி. கைக்குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய் மருந்திலோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்திலோ இருப்பவர்கள் ஆகியோருக்குத்தான் கவலை. அவர்களுக்குக் கிருமி குடலைத் தாண்டி இரத்தத்துக்குள் போகலாம்.

முதல் வைத்தியம் தண்ணீர்ச் சத்து. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்ட அளவுத் தண்ணீரில் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். மலத்தில் இரத்தம், 102 டிகிரியைத் தாண்டிய காய்ச்சல், எதைக் குடித்தாலும் வாந்தி, சிறுநீர் குறைவது, மூன்று நாளாகியும் நிற்காத போக்கு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போய்விட வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது வேண்டாம். நலமானவர்களுக்கு அது பெரும்பாலும் தேவையில்லை, தேவை இருந்தால் மருத்துவர் சொல்வார்.

நம் அடுப்படியில்

கொதிக்கும் மீன் குழம்பில் சால்மோனெல்லா பிழைக்காது. நடுச்சதை 63 டிகிரிக்கு வந்தாலே போதும் என்பது அமெரிக்க விதி. நம் குழம்பு அதை எப்போதோ தாண்டிவிடும். சுஷியால் வந்த இந்தப் பரவல் நம் வீட்டில் அப்படியே நடக்காது என்பது உண்மை. நமக்கு ஆபத்து குழம்புச் சட்டிக்கு வெளியே இருக்கிறது.

மீன் கழுவிய தொட்டியிலேயே கொத்தமல்லித் தழையை அலசுகிறோம். மீன் அறுத்த அரிவாள்மனையைத் தண்ணீரில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் நறுக்குகிறோம். மீன் பை உருகிச் சொட்டும் தண்ணீர் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் இருக்கும் தோசை மாவுப் பாத்திரத்தின் மேல் விழுகிறது. தோசை வேகும், பரவாயில்லை. அதே தட்டில் பழத்துண்டுகள் இருந்தால்? மீனைக் குழாயடியில் வேகமாகப் பீய்ச்சிக் கழுவும்போது தெறிக்கும் நீர்த்துளி போகும் தூரத்தை ஒருநாள் கவனித்துப் பாருங்கள். மீனுக்குத் தனிப் பலகை, மூடிய பாத்திரத்தில் கீழ்த் தட்டில் மீன், சோப்பு போட்டுக் கழுவிய கை. பச்சையாகச் சாப்பிடுவதை முதலில் நறுக்கி முடித்துவிட்டு அப்புறம் மீனைத் தொடுவது. இவற்றுக்குப் பணம் ஒன்றும் ஆகாது.

சந்தையில் செவுளைப் பார்த்த கையோடு ஐஸையும் பாருங்கள். அது எங்கே உடைத்தது, எதில் வைத்திருக்கிறார்கள், உருகும் தண்ணீர் கலங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். விற்கிற அக்காவிடம் "ஐஸ் எந்தக் கம்பெனியிலிருந்து வருதுக்கா?" என்று கேளுங்கள். நான் கேட்கத் தொடங்கி நாளாகிறது. முதலில் விநோதமாகப் பார்த்தார். இப்போது நான் வருவதைக் கண்டால் அவரே ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டுகிறார்.